துரையின் கணக்கும் யந்திரத்தின் கணக்கும்

றக்வான மலைத்தொடர் விஞ்ஞான உலகுக்குப் புதியதன்று. சிங்கராஜ வனத்தின் கிழக்கோரத்திலே, மோர்னிங்சைட் தோட்டத்தை அடுத்த காட்டில் வாழும் கொம்பு ஓணான் சாதியைச் சேர்ந்த இரண்டு இனங்களை 1998ஆம் ஆண்டில் றொஹான் பெத்தியகொடவும் கெலும் மனமேந்திர ஆரச்சியும் முதன்முதலாக விவரித்து உலகறியச் செய்தனர். தலையின் நீளம், வாலின் நீளம், செதில்களின் எண்ணிக்கை எல்லாம் மில்லிமீற்றர் சுத்தமாக அளந்து எழுதப்பட்டன. அம்மலைகளின் தவளைகளுக்கும் அதே கௌரவம் கிடைத்திருக்கிறது. இது மிகச் சிறந்த பணி. ஓணானுக்கும் தவளைக்கும் நாம் பகைவரல்லர்.

ஆனால் அதே மலையின் சரிவில், பன்னிரண்டடிக்குப் பத்தடி லயக் காம்பராவில், நான்கு தலைமுறையாக வாழ்ந்துவரும் மனிதரை எண்ண வரும்பொழுது மட்டும் இந்த அளவையின் நுட்பம் எங்கே போய் ஒளிந்துகொள்கிறது? ஓணானின் ஒவ்வொரு செதிலையும் எண்ணத் தெரிந்த ஒரு நாட்டுக்கு, ஒரு கொழுந்தெடுப்பவளின் வறுமையை எண்ணத் தெரியவில்லை என்றால் அதை அறியாமை என்று சொல்லிக் கடந்துவிட முடியுமா? முடியாது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இன்று அலுவலகக் கருமபீடங்களிலே புதியதொரு பதில் வழங்கிவருகிறது. "நாங்கள் என்னம்மா செய்வது, கொம்பியூட்டர் தள்ளிவிட்டது" என்பதே அப்பதில். முன்னர் தள்ளியவர் துரையாக இருந்தார். பெரிய கிளாக்கராக இருந்தார். கிராம உத்தியோகத்தராக இருந்தார். அவர்மீது கோபிக்கலாம், அவரிடம் கெஞ்சலாம், சங்கத்தைக் கூட்டிக்கொண்டுபோய் அவர் வாசலிலே நிற்கலாம். கணினியிடம் யார் போய் நிற்பது? இதைவிட மோசமான ஒரு காரியத்தையும் அந்தப் பதில் செய்கிறது. யந்திரத்துக்கு இனமில்லை, மொழியில்லை, சாதியில்லை, ஆகவே அதன் தீர்ப்பில் பாரபட்சம் இருக்கவே முடியாது என்ற நம்பிக்கையைப் பரப்புகிறது. படித்த கனவான்கள் பலர் இதனை மெய்யென்றே கொண்டாடுகிறார்கள். அரசியல்வாதியின் கையிலிருந்து நிவாரணத்தைப் பிடுங்கிக் கணிதத்தின் கையில் கொடுத்தாயிற்று என்று அவர்கள் மகிழ்கிறார்கள்.

தோட்டத்திலே பிறந்தவனுக்கு இவ்வாதத்தின் பொய்மையை விளக்கவேண்டியதில்லை. அவன் தராசை அறிவான்.

கொழுந்து நிறுக்கப்படும் இடத்தில் ஒருதரம் நின்று பார்த்தவருக்குத் தெரியும். முன்பு தொங்குதராசு, இப்பொழுது பல தோட்டங்களில் இலத்திரன் தராசு. இலக்கம் பளிச்சென்று சிவப்பிலே எரிகிறது. தராசு காட்டும் நிறை உண்மையான நிறைதான். அதன் பின்னர்தான் கழிவு ஆரம்பமாகிறது. சாக்கு நிறை என்று ஒரு கழிவு, மழைநாளில் தண்ணீர் நிறை என்று இன்னொரு கழிவு. சாக்கின் நிறையைவிடச் சாக்குக்கென்று கழிக்கப்படும் நிறை கூடுதலாக இருப்பது ஏன் என்று கேட்டவள் வாயாடி என்று பெயரெடுப்பாள். பின்னர் அன்றைய 'நோர்ம்' நிறையவில்லையென்றால் முழுப்பேர் இல்லை, அரைப்பேர். அந்த நோர்மைத் தராசு தீர்மானிக்கவில்லை. சரிவின் செங்குத்து, செடியின் வயது, அட்டைக்கடி, முதுகுப் பாரம் ஒன்றும் அறியாத ஒருவரின் மேசையிலே அது தீர்மானமாகிறது. கேகாலைப் பக்கத்து இறப்பர்த் தோட்டங்களில் பால்வெட்டுவோருக்கு மெட்ரோலாக் என்னும் கண்ணாடிக் கருவி. பாலிலே அதை மிதக்கவிட்டு அதில் இறப்பர் எவ்வளவு தேறும் என்று பார்க்கிறார்கள். கருவி பௌதிக விதிப்படிதான் மிதக்கிறது. எவ்வளவு தேறினால் எவ்வளவு கூலி என்பது எந்தப் பௌதிக விதியிலும் இல்லை.

இந்தத் தராசின் கதையை இலங்கை அரசாங்கத்தின் வறுமைக் கணக்கிலே அப்படியே காணலாம். 2016ஆம் ஆண்டின் கணக்கின்படி தோட்டத்துறையில் வறியோர் நூற்றுக்கு 8.8 பேர். முழு நாட்டுக்கும் 4.1. நூற்றுக்கு ஒன்பது பேர்கூட இல்லை என்று மேடைகளிலே பெருமை பேசப்பட்டது. பின்னர் குடிசன மதிப்பீட்டுத் திணைக்களம் பழைய அளவுகோலைக் கைவிட்டு, 2012/13ஆம் ஆண்டின் நுகர்வை அடிப்படையாகக்கொண்ட புதிய வறுமைக்கோட்டை வரைந்தது. அக்கோட்டின்படி 2019இல் தோட்டத்துறையில் வறியோர் நூற்றுக்கு 33.8 பேர், முழு நாட்டுக்கும் 14.3. மூன்றாண்டுக்குள் இத்தனை ஆயிரம் குடும்பங்கள் திடீரென்று வறுமையில் விழுந்துவிட்டனவா? இல்லை. அவர்கள் முன்னரே அங்கேதான் கிடந்தார்கள். கோடு அவர்களுடைய தலைக்குக் கீழே ஓடிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

பழைய கோடு எப்படி வரையப்பட்டது என்பதையும் மாணவ நண்பர்கள் அறிந்துகொள்ளவேண்டும். ஒருவருக்கு நாளொன்றுக்கு 2030 கலோரி என்ற தேவையிலிருந்து அது தொடங்கியது. கணக்கு அழகான கணக்கு. ஆனால் இது நாட்டின் சராசரி மனிதனுடைய வயிறு. இருபது கிலோ கொழுந்தை நெற்றியிலே தொங்கவிட்டு மலைச்சரிவில் எட்டு மணிநேரம் ஏறியிறங்கும் பெண்ணின் உடல், நாற்காலியில் அமர்ந்து அறிக்கை எழுதுபவரின் உடல் செலவழிப்பதைத்தான் செலவழிக்கிறதா? அவளுடைய பிள்ளைகளைப் பார்த்தால் விடை கிடைக்கும். 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி வயதுக்கேற்ற உயரம் வளராத ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் முழு நாட்டில் நூற்றுக்கு 17.3, தோட்டத்துறையில் 31.7. வறியோர் ஒன்பது பேர், வளராத பிள்ளைகள் முப்பத்திரண்டு பேர் என்று இரண்டு கணக்குகளும் ஒரே ஆண்டில், ஒரே மக்களைப் பற்றி வெளியாயின. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்து வெட்கப்பட்டவர் எத்தனை பேர்? "அவர்கள் பரம்பரையே குள்ளம்" என்று சமாதானம் கூறிய கனவான்களை நாம் கேட்டிருக்கிறோம். பரம்பரையின்மீது பழியைப் போட்டுவிட்டால் சம்பளத்தைப் பற்றிப் பேசவேண்டியதில்லை அல்லவா!

பரம்பரையின்மீது பழி போடுவது தோட்ட முதலாளிகளுக்குப் புதிய கலையன்று. அமெரிக்காவின் தென்பகுதிப் பருத்தித் தோட்டங்களிலே சாமுவேல் காட்ரைற் என்றொரு வைத்தியர் இருந்தார். அடிமைகள் தப்பியோடுவது ஒரு மனநோய் என்று 1851இல் அவர் எழுதினார். அந்நோய்க்கு 'டிறப்பெற்றோமேனியா' என்று கிரேக்கத்தில் நாமகரணமும் செய்தார். அதே காலத்தில் லண்டன் வைத்தியர் ஜோன் ஹச்சின்சன் செய்த, மூச்சின் அளவைக் காட்டும் ஸ்பைரோமீற்றர் என்னும் கருவியை எடுத்துக்கொண்டு, கறுப்பின மக்களின் சுவாசம் பிறவியிலேயே குறைந்தது, உழைப்புத்தான் அதற்கு மருந்து என்றும் அவர் நிலைநாட்ட முயன்றார். அவரது மனநோயைப் பார்த்து இன்று உலகம் சிரிக்கிறது. மூச்சுக் கணக்கு மட்டும் சாகவில்லை. அண்மைக்காலம்வரை அந்தக் கருவியிலே நோயாளியின் இனத்தைக் குறித்தால், கறுப்பினத்தவருக்கும் ஆசியருக்கும் இவ்வளவு மூச்சே போதும் என்று அது தானாகவே ஒரு பங்கைக் கழித்துக்கொண்டு, எஞ்சியதை 'இயல்பு' என்று எழுதிக்காட்டியது. அமெரிக்க மார்புநோய்ச் சங்கம் 2023இல்தான் இன வேறுபாடற்ற அளவுகோலைப் பரிந்துரைத்தது. தேயிலைத் தொழிற்சாலைத் தூசியிலே நெஞ்சைப் பறிகொடுத்த ஒருவர் அக்கருவியை ஊதியிருந்தால், அவர் இழந்த மூச்சு அவருடைய இனத்தின் இயல்பாக எழுதப்பட்டிருக்கும்.

காட்ரைற்றின் நோய் இலங்கையிலும் இருந்தது. இங்கே அதற்குக் கிரேக்கப் பெயர் வைக்கவில்லை, சட்டத்தின் பெயரை வைத்தார்கள். 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்தின்படி தோட்டத்தை விட்டுச் சொல்லாமற் போவது சிறைத்தண்டனைக்குரிய குற்றம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே மனிதனை இனங்காண ஒரு தொழில்நுட்பமும் வந்தது. தோட்டத்தின் இலக்கம் பொறித்த ஒரு தகரத் துண்டு! கடல் கடந்து வந்தவன் அதைத் தன்னோடு சுமந்து வந்தான். எந்தத் தோட்டத்துக்குச் சேரவேண்டிய உடல் என்பதை வழியெல்லாம் அந்தத் தகரமே பேசியது. இன்று 'தரவு' என்று அழைக்கப்படுவதன் தாத்தா அந்தத் தகரம்.

ஏழையின் உடம்பிலே நோயைத் தேடிய விஞ்ஞானம், நோய்க்குக் காரணமான இடத்தைத் தேடாமல் விட்ட கதையும் உண்டு. 1916இலே றொக்பெல்லர் நிறுவனத்தார் மாத்தளைத் தோட்டங்களில் கொளுக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கினர். மருந்து கொடுத்துப் புழுவை வெளியேற்றினர். மனிதன் வெறுங்காலோடு அதே மண்ணுக்குத் திரும்பினான். புழுவும் அவனுக்குள் திரும்பியது. மலசலகூடம் கட்டினாலன்றி நோய் தீராது என்பது அவர்களுக்கே விளங்கியது. கட்டும் செலவு தோட்ட உரிமையாளருடையது. அங்கேதான் விஞ்ஞானம் தடைப்பட்டு நின்றது. தொழிலாளியின் 'அசுத்தப் பழக்கம்' என்ற சொற்றொடர் மாத்திரம் ஏடுகளில் நிலைத்துவிட்டது. அந்த மருத்துவர்கள் நேர்மையானவர்களாகவே இருந்திருக்கலாம். கேள்வியை எங்கே நிறுத்துவது என்பதை வேறொருவர் தீர்மானித்தார்.

நிற்க. இன்றைய யந்திரத்துக்கு வருவோம்.

2023ஆம் ஆண்டிலே 'அஸ்வெசும' என்னும் நிவாரணத் திட்டம் நடைமுறைக்கு வந்தது. ஏறத்தாழ 37 இலட்சம் குடும்பங்கள் விண்ணப்பித்தன. கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்து, வீட்டு நிலை, குடும்ப அமைப்பு என்ற ஆறு பிரிவுகளில் 22 குறிகாட்டிகள், அவற்றுக்குப் புள்ளிகள், புள்ளிகளைக் கூட்டிக் கணினி வரிசைப்படுத்தியது. முதற் பட்டியல் வெளியானதும் ஒன்பது இலட்சத்துக்கு மேற்பட்ட மேன்முறையீடுகள் குவிந்தன. ஒரு பரீட்சையிலே இத்தனை மாணவர் விடைத்தாளைத் திரும்பத் திருத்தும்படி கேட்டால், நாம் மாணவரைச் சந்தேகிப்போமா, வினாத்தாளைச் சந்தேகிப்போமா?

வினாத்தாளைத் தோட்டத்துக் கண்கொண்டு வாசித்துப் பார்ப்போம். வீடு யாருடையது? லயம் தோட்டத்தினுடையது. குடியிருப்பவர் உரிமையாளருமல்லர், வாடகைக்காரருமல்லர். வேலை நின்றால் காம்பராவும் போய்விடுமோ என்று அஞ்சிக்கொண்டிருப்பவர். இந்த அச்சத்தை எழுதுவதற்கு எந்தப் படிவத்திலும் கட்டமில்லை. வீட்டின் நிலை என்ன? வெள்ளைக்காரன் கருங்கல்லிலே கட்டிவைத்தான். கட்டடப் பொருளைக் கொண்டு வீட்டை அளக்கும் கணக்கெடுப்பில் கருங்கற் சுவருக்கு 'நிரந்தரம்' என்ற பதிலே வரும். அது நிரந்தரந்தான், நூறாண்டாக மாறாத நிரந்தரம்! மின்சாரம் எவ்வளவு? ஒரே காம்பராவில் தகப்பன் குடும்பமும் மகன் குடும்பமும், பட்டியலோ ஒன்று. இரண்டு வறுமைகள் கூடி ஒரு வசதியாகிவிடுகின்றன. முகவரி என்ன? தோட்டத்தின் பெயர், டிவிசனின் பெயர். கடிதம் வந்தால் தோட்டக் கந்தோருக்கு வரும். அங்கிருந்து எப்பொழுது கைக்கு வருமென்பது கந்தோரின் தயவு. மேன்முறையீட்டுக்குத் தவணை குறித்த கடிதமும் இந்த வழியாகத்தான் வரவேண்டும். கேள்வி கேட்கவந்தவர் தமிழ் அறிந்தவரா என்பதை நாம் கேட்கவேயில்லை. இரத்தினபுரி மாவட்டத்திலே அதைக் கேட்பது அதிகப்பிரசங்கித்தனமாகக் கருதப்படும்.

இந்த வினாக்களை அமைத்தவர் எவரும் தோட்டத்து மக்களை வஞ்சிக்கவேண்டுமென்று இரவு விழித்திருந்து திட்டமிட்டார்கள் என்று நாம் கூறவில்லை. அப்படியிருந்தால் பிரச்சினை எளிது. அவரை மாற்றினால் போதும். அவர்களுடைய மனக்கண்ணிலே குடும்பம் என்றால் ஒரு கிராமத்து வீடு, ஒரு வேலி, ஒரு கிராம உத்தியோகத்தர், ஒரு முகவரி. அந்தக் காட்சியில் லயம் இல்லை. லயம் இல்லாமற் போனது தற்செயலுமன்று. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம் பிரதேச சபையின் பணத்தைத் தோட்டத்துக்குள் செலவிட இடங்கொடுக்கவில்லை. தோட்டத்து மனிதனின் வாக்கு சபைக்கு வேண்டும், அவனுடைய பாதைக்குச் சபையின் கல் வேண்டாம்! 2018இலேதான் இது திருத்தப்பட்டது. முப்பத்தொரு ஆண்டுகள் சட்டமே காணமறுத்த ஒரு மனிதனை, அச்சட்டத்தின் கீழ் வளர்ந்த பதிவேடுகளைத் தின்று வளரும் கணினி எப்படிக் காணும்?

பதிவேடு என்றதும் நம் மக்களின் நினைவுக்கு வருவது 1948. அவ்வாண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் தோலின் நிறத்தைக் கேட்கவில்லை. இனத்தின் பெயரையும் சொல்லவில்லை. தகப்பன் இங்கே பிறந்ததற்குக் கடதாசி எங்கே என்றுதான் கேட்டது. பார்வைக்கு எத்தனை நடுநிலையான கேள்வி! பிறப்புப் பதிவு ஒழுங்காக நடவாத லயத்தில் பிறந்தவனிடம் அந்தக் கேள்வியைக் கேட்டால் விடை என்னவாகும் என்பது கேட்டவருக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது. அடுத்த ஆண்டு வந்த இந்திய பாகிஸ்தானியர் சட்டத்தின் கீழ் எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் சார்பில் விண்ணப்பங்கள் போயின. உரிமை பெற்றவர் ஒன்றரை இலட்சத்துக்கும் குறைவு. ஏழு ஆண்டு, பத்து ஆண்டு இங்கே தொடர்ந்து வாழ்ந்ததைக் கடதாசியிலே நிரூபிக்கவேண்டியிருந்தது. தேயிலைச் செடியின் வயதைச் சாட்சியாக ஏற்றுக்கொண்டிருந்தால் எல்லோரும் வென்றிருப்பார்கள். 1964இலே இரு பிரதமர்கள் எட்டு இலட்சத்து இருபத்தையாயிரம் பேரைத் தலைக்கணக்காகப் பிரித்துக்கொண்டார்கள். 1977இலும் 1981இலும் இரத்தினபுரி மாவட்டத்து லயங்கள் எரிந்தபோது, எஞ்சியிருந்த பிறப்புச் சான்றும் பலருக்குச் சாம்பலானது. அச்சாம்பலையும் இன்று 'தரவு இல்லை' என்றுதான் யந்திரம் வாசிக்கும்.

வெளிநாட்டிலே இப்படி நடவாது என்று எண்ணவேண்டாம். ஒருகாலத்தில் நம்முடைய கரையோரத்தை ஆண்ட ஒல்லாந்தரின் நாட்டிலே, பிள்ளை பராமரிப்புக் கொடுப்பனவில் மோசடி செய்வோரைக் கண்டுபிடிக்க வரித் திணைக்களம் ஒரு கணினி முறையை ஏவியது. அந்நாட்டுக் குடியுரிமை இல்லாதவர் என்பதையே அது ஆபத்தின் அடையாளமாகக் கொண்டது. இத்தகைய வேட்டையிலே ஆயிரக்கணக்கான குடும்பங்கள், பெரும்பாலும் குடியேறிகள், கள்வராக்கப்பட்டுக் கடனில் மூழ்கின. 2021 ஜனவரியில் அரசாங்கமே பதவி விலகவேண்டி வந்தது. முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் யந்திரங்களை 2018இல் ஜோய் புவலம்வினி, ரிம்னிற் கெப்ரு என்னும் இரு பெண் விஞ்ஞானிகள் சோதித்தனர். வெள்ளை ஆண்களிடத்திலே பிழை நூற்றுக்கு 0.8க்கு மேற்போகவில்லை, கரிய பெண்களிடத்திலே 34.7 வரை போயிற்று. அந்த யந்திரங்களுக்கு முகம் என்றால் என்னவென்று பாடஞ்சொல்லிக் கொடுத்த படங்களிலே கரிய பெண்கள் அருகியிருந்தனர். இதைக் கண்டுபிடித்ததும் விஞ்ஞானமே என்பதை மறவாதீர்கள். அளவையை அளந்து பார்த்தவர்கள், அளவையால் தள்ளப்பட்டவர்களின் பக்கத்திலிருந்து வந்தார்கள்.

இனி இங்கே வரப்போவது விரல்ரேகை. இலங்கையரின் டிஜிற்றல் அடையாளத் திட்டத்துக்கு இந்திய அரசு நிதியுதவி செய்கிறது. 2023இலே 45 கோடி இந்திய ரூபாவை முற்பணமாகக் கொடுத்தது. இந்தியாவில் ஆதார் வந்தபின் ஜார்க்கண்டின் நியாயவிலைக் கடைகளில் ரேகை பதியாமல் அரிசியின்றித் திரும்பிய உழைப்பாளரின் கதை நாடறிந்தது. மேசை வேலை செய்பவனின் ரேகை அழிவதில்லை. கவ்வாத்துக் கத்தி பிடித்தவனின் ரேகை, பால்வெட்டியின் ரேகை, கொழுந்தின் கறையேறி வெடித்த பெருவிரலின் ரேகை தேய்கின்றன. உழைத்த அளவுக்கே மனிதனை அடையாளமற்றவனாக்கும் ஒரு கருவியை நடுநிலையான கருவி என்று எந்த நாவால் சொல்வது? வேறு வழியிலும் அடையாளம் காட்டலாம் என்ற விதியைத் திட்டத்தோடு கூடவே எழுதிவைக்கவேண்டும்; அரிசி மறுக்கப்பட்ட பின் எழுதுவதில் பயனில்லை.

ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. கசப்பாயிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். "தோட்டத்துப் பிள்ளைக்குக் கணிதம் ஏறாது" என்ற வாக்கியத்தைத் துரைமார் சொல்லி நாம் கேட்டதில்லை. ஆசிரியர் அறைகளிலே, சுத்தமான தமிழிலே கேட்டிருக்கிறோம். 'தோட்டக்காட்டான்' என்ற சொல்லைச் சிங்களவர் ஆக்கித்தரவில்லை. தமிழர் ஆக்கிய சொல் அது. தமிழ் வழியில் விஞ்ஞானப் பிரிவு கற்க இடமில்லாத ஊரிலே பிள்ளை கலைப் பிரிவுக்குப் போகிறது. கலைப் பிரிவில் அது நிறைந்திருப்பதைக் காட்டி அதன் மூளை கலைக்கே உகந்தது என்று முடிவுசெய்கிறோம். பல்கலைக்கழக அனுமதியில் மாவட்ட ஒதுக்கீடு இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. ஆனால் இரத்தினபுரி நகரத்துப் பெரிய பாடசாலையும் றக்வான மலையின் தோட்டப் பாடசாலையும் அதே இரத்தினபுரி மாவட்டந்தான். பின்தங்கியவனுக்கென்று வகுத்த வரம்புக்குள்ளேயே பின்தங்கியவன் மறைந்துபோகிறான். கணினி செய்வதும் இதைத்தான். அதற்கு இந்தப் பாடத்தைக் கற்பித்தவர்கள் மனிதர். நாமும் அவர்களுள் சிலர்.

ஆகையால் யந்திரத்தை உடைக்கச் சொல்வதா? தராசை உடைத்தால் துரை கையால் தூக்கிப்பார்த்து நிறை சொல்வார். அது இன்னும் மோசம். தோட்டத்துப் பெண்ணுக்குத் தராசு வேண்டும். தராசின் முகம் அவள் பக்கம் திரும்பியிருக்கவேண்டும். அஸ்வெசுமவில் ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு குடும்பம் பெற்ற புள்ளி எத்தனை, எந்தப் புள்ளியால் தள்ளப்பட்டது என்பதைத் தமிழில் எழுதி அக்குடும்பத்தின் கையிலே கொடுக்கவேண்டும். கழிவு எவ்வளவு, ஏன் என்பதை நிறுவைக் கொட்டிலின் சுவரிலே ஒட்டவேண்டும். கணக்கெடுப்புக் குழுக்களிலே லயத்தில் பிறந்து படித்த பிள்ளைகள் அமரவேண்டும். 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் நம் கையில் இருக்கிறது; அதைத் தோட்டங்களில் எத்தனை பேர் எடுத்துப் பயன்படுத்தியிருக்கிறோம்?

பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவனுக்குச் சராசரி கணிக்கத் தெரியும். நிறையிட்ட சராசரியும் கொஞ்சம் சொல்லிக்கொடுத்தால் தெரிந்துவிடும். அடுத்த பட்டியல் தோட்டக் கந்தோர்ச் சுவரில் ஒட்டப்படும் நாளிலே, பென்சிலும் கொப்பியுமாக அவனை அங்கே கூட்டிக்கொண்டு போங்கள். அவனுடைய ஆச்சி கேட்டுக் கேட்டு விடை கிடைக்காத அந்த ஒரே கேள்வியை அவன் இலக்கத்தோடு கேட்கட்டும்: "எங்களுக்கு எதில் வெட்டினீர்கள்?"